சீனக் காசும் கடாரத்துச் சான்றும்

நடுவே சதுரத் துளையும், துளையைச் சுற்றி நான்கு எழுத்துகளும் உடைய சீனக் காசு கெடா மாநிலத்துத் தமிழர்க்குப் புதிய பொருளன்று. தோட்டத்து வாய்க்காலிலும் பட்டணத்துப் பழம்பொருட் கடையிலும் அது கண்ணிற் படுவதுண்டு. 1943 முதல் 1947 வரை இந்தியாவில் வெளிவந்த ஓட்டைக் காலணாவைக் கையாண்ட முதியவர்கள் அதனையும் 'ஓட்டைக் காசு' என்றே சொல்லிச் சென்றனர். இரண்டுக்கும் உறவில்லை. ஓட்டைக் காலணா அச்சில் அடித்தது. அதன் துளை வட்டமானது. சீனக் காசு அச்சில் வார்த்தது. அதன் துளை சதுரமானது.

இக்காசின் பெயரிலேயே தமிழ் இருக்கிறது. ஆங்கில நூல்கள் இதனைக் 'கேஷ்' என்று குறிப்பிடுகின்றன. தமிழ்ச் சொல்லாகிய 'காசு' போர்த்துகீசியர் வாயில் 'காய்ஷா' ஆகி, அவர்கள் வழியே ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆயிற்று என்பது அகராதியாளர் கண்ட முடிபு. ஆயினும் இவ்வுண்மை பல வேளைகளில் அளவுக்கு மீறி நீட்டப்படுகிறது. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு சொல். அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. துளைக் காசின் பெயர் மட்டுமே தமிழின் கொடை. இரண்டு சொற்களின் ஒலி ஒன்றாயிருப்பதால் பிறப்பும் ஒன்று என்று கொள்வது பிழை. இந்தச் சிறு பிழைக்குள்ளேயே சீனக் காசைப் பற்றிய பெரிய பிழையும் அடங்கியிருக்கிறது. கண்ட ஒற்றுமையைக் கொண்டு காணாத வரலாற்றை எழுதிவிடுவதே அப்பிழை.

எளிதில் தோன்றும் முடிபு

கெடா என்பது பழைய கடாரம். கி.பி. 1025-இல் இராசேந்திர சோழன் கடற்படை சென்ற நாடு அது. சீனத் துறவி யீசிங் 671-இல் குவாங்சோவிலிருந்து புறப்பட்டு, சிறீவிசயத்தில் தங்கி, கெடா வழியாகவே வங்கத்துத் தாமிரலிப்தியை அடைந்தார். சோழர் தூதர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவை சென்றனர். இம்மூன்றையும் அறிந்த ஒருவர் கையில் கெடாத் தோட்டத்து மண்ணிலிருந்து ஒரு சீனக் காசு கிடைத்தால், 'சோழ வணிகர் விட்டுச் சென்ற காசு' என்று அவர் நெஞ்சு உடனே சொல்லிவிடும். சொல்லுவதில் வியப்பில்லை. அந்தச் சொல் விழா மலரில் அச்சேறி, அடுத்தவர் அதனைச் சான்றாக எடுத்துக்கொள்ளும்போதுதான் தீமை விளைகிறது.

காசு சொல்லுவது என்ன, சொல்லாதது என்ன என்பதைப் பிரித்தறியாமல் இம்முடிபைத் திறனாய இயலாது. ஆகவே காசைப் படிக்கும் முறையையும், அம்முறையைக் கற்பிக்கும் நூல்களின் தகுதியையும் முதலில் காண வேண்டும்.

காசைப் படித்தல்

தமிழில் 'காசடித்தல்' என்பது வழக்கு. சோழர் காசு உலோக வில்லையை இரு அச்சுகளுக்கிடையே வைத்து அடித்துச் செய்தது. சீனர் அவ்வாறு செய்யவில்லை. தாய்க்காசு என்னும் மாதிரியை நுண்மணலிற் பதித்து, பதிந்த பள்ளங்களையெல்லாம் வாய்க்காலால் இணைத்து, உருகிய உலோகத்தை ஊற்றினர். ஆறியபின் எடுத்தால் கிளைகளில் இலைபோலக் காசுகள் ஒட்டியிருக்கும். அவற்றை ஒடித்து, சதுரக் கோலிற் கோத்து, விளிம்பை அரத்தால் தேய்த்தனர். கோலிலே காசு சுழலாமல் நிற்பதற்குச் சதுரத் துளை உதவிற்று. ஆகவே விளிம்பில் அரத்தின் தடம் இருப்பது இயல்பு.

எழுத்தைப் படிக்கும் வரிசை இரண்டு. மேல், கீழ், வலம், இடம் என்பது ஒன்று. மேலிருந்து வலமாகச் சுற்றிவருவது மற்றொன்று. சிங் பேரரசின் காசுகள் முதல் வரிசையைப் பின்பற்றும். சோங் காசுகளில் இரண்டும் உண்டு. மேலும் கீழும் உள்ள இரண்டு எழுத்துகள் பெரும்பாலும் ஆட்சிப் பெயராகவும், எஞ்சிய இரண்டும் 'செல்லும் பணம்' என்ற பொருளுடைய 'தோங்பாவ்' ஆகவும் அமைவதே சிங் காலத்து வழக்கம். அக்காலத்துக் காசின் பின்புறத்தில் மஞ்சு எழுத்து இருக்கும். துளையின் இடப்பக்கச் சொல் பணம் என்பதையும், வலப்பக்கச் சொல் வார்ப்புச் சாலையையும் பெரும்பாலும் குறிக்கும். சீனம் அறியாத தமிழாசிரியரும் பத்து ஆட்சிப் பெயர்களின் வடிவத்தை மனத்திற் கொண்டால் சிங் காசுகளை இனங்காணலாம். காங்சி (1662–1722), சியான்லோங் (1736–1795), தாவ்குவாங் (1821–1850) ஆகிய மூன்றும் அவற்றுள் முதலில் அறியத்தக்கவை.

எல்லாக் காசுகளும் இவ்வளவு எளியவை அல்ல. தாங் பேரரசின் புகழ்பெற்ற 'கையுவான் தோங்பாவ்' காசை எடுத்துக்கொள்க. 713 முதல் 741 வரை 'கையுவான்' என்ற ஆட்சிப் பெயர் வழங்கிற்று. ஆகவே காசும் அக்காலத்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் இக்காசு முதன்முதல் வார்க்கப்பட்டது 621-இல். 'கையுவான்' என்பது அங்கே ஆட்சிப் பெயரன்று. புதிய தொடக்கம் என்பதைச் சுட்டும் தொடர். முதல் காசுக்கும் பின்வந்த ஆட்சிப் பெயருக்கும் தொண்ணூறு ஆண்டு இடைவெளி. இதே காசு தாங் பேரரசின் இறுதிவரை, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் வார்க்கப்பட்டது. பின்புறத்தில் ஊர்ப்பெயர் எழுத்து இருந்தால் 845-ஐ ஒட்டிய வார்ப்பு எனலாம். இல்லாவிடின் எழுத்தின் நுண்வேறுபாடுகளைக் கொண்டே காலத்தை நெருங்க வேண்டும். பெயரைப் படித்தவுடன் காலத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இந்த ஒரு காசே போதிய மறுப்பு.

பித்தளை சொல்லும் செய்தி

எழுத்தறியாதவர்க்கும் உதவும் சான்று உலோகம். தாங், சோங் காலத்துச் செப்புக் காசுகள் வெண்கலம். செம்போடு ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை. துத்தநாகம் கலந்த பித்தளைக் காசு மிங் பேரரசின் சியாசிங் ஆட்சியில் (1522–1566) நிலைபெற்றது. சிங் காலத்தில் பித்தளையே வழக்கமாயிற்று. 1684-இல் செம்பு அறுபது, துத்தநாகம் நாற்பது என்ற விகிதம் வகுக்கப்பட்டது. 1740-இல் அது மாறி, செம்பு 50, துத்தநாகம் 41.5, ஈயம் 6.5, வெள்ளீயம் 2 என்றாயிற்று.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிது. சோங் பெயர் தாங்கிய காசு பளிச்சென்ற மஞ்சட் பித்தளையாக இருந்தால் ஐயுற வேண்டும். அது பிற்காலத்துப் படியாகவோ விற்பனைக்குச் செய்த போலியாகவோ இருத்தல் கூடும். நிறம் மட்டும் முடிவான சான்றாகாது எனினும், ஐயத்தை எழுப்பப் போதுமானது.

இங்கே தமிழ் இல்லங்களின் நல்ல பழக்கம் ஒன்று காசுக்குப் பகையாகிறது. பித்தளைப் பாத்திரத்தைப் புளியும் சாம்பலும் இட்டு விளக்குவது போலக் கிடைத்த காசையும் விளக்கிவிடுகின்றனர். செம்பிற் களிம்பைச் சித்தாந்த நூல்கள் ஆணவ மலத்துக்கு உவமையாகக் கூறும். உயிர்க்கு மலம் நீங்குவது நலம். காசுக்குக் களிம்பு நீங்குவது கேடு. மண்ணில் நெடுங்காலம் கிடந்தமைக்கு அக்களிம்பே சாட்சி. அதனைத் தேய்த்துவிட்டால், வயலில் கிடைத்த காசுக்கும் நேற்றுக் கடையில் வாங்கிய காசுக்கும் வேறுபாடு காண்பது அரிதாகிவிடும்.

சீனமல்லாத சீனக் காசு

சீன எழுத்துடையவை அனைத்தும் சீனக் காசுகள் அல்ல. சப்பானின் 'கான்எய் சூஹோ' காசு பதினேழாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை மிகுதியாக வார்க்கப்பட்டது. பின்புறத்தில் அலைக்கோடுகள் உடைய அதன் பித்தளை வகை 1768-இல் தொடங்கிற்று. வியத்நாம், கொரிய மன்னரும் இதே வடிவிற் காசு வெளியிட்டனர். இன்னும் நுட்பமானது நாகசாக்கி வணிகக் காசு. 1659 முதல் 1685 வரை அயல்நாட்டு வணிகத்துக்காகவே நாகசாக்கியில் சோங் காலத்து ஆட்சிப் பெயர்களை இட்டுக் காசு வார்த்தனர். ஒல்லாந்தரும் சீன வணிகரும் அவற்றைத் தென்கிழக்காசியாவுக்குக் கொண்டுசென்றனர். அக்காசில் உள்ள 'யுவான்ஃபெங்' என்ற பெயர் 1078–1085 காலத்துக்கு உரியது. காசோ பதினேழாம் நூற்றாண்டினது. முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சான்று என்று கையிலெடுத்த காசு, தஞ்சையில் மராத்தியர் ஆட்சி தொடங்கிய நாளில் வார்த்ததாக முடியலாம்.

பட்டியல் நூல்களின் பெருமையும் குறையும்

இத்தகைய சிக்கல்களில் வழிகாட்டுவதற்கு ஆங்கிலத்தில் சிறந்த நூல்கள் உள்ளன. சீனச் சுங்கத் துறையில் பணிபுரிந்த நார்வே நாட்டவரான ஷோத் திரட்டிய காசுகளின் பட்டியல் 1929-இல் வெளிவந்து நெடுங்காலம் கைந்நூலாக விளங்கிற்று. இன்று சேகரிப்போர் பெரும்பாலும் நாடுவது டேவிட் ஹார்ட்டில் எழுதி 2005-இல் வெளிவந்த 'வார்ப்புச் சீனக் காசுகள்' என்னும் நூல். பேரரசு வரிசையில் காசுகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் தந்து, உருவம் காட்டி, கிடைப்பருமையையும் விலையையும் குறிப்பிடுகிறது அந்நூல். சீனமொழி அறியாதவரும் பொறுமையோடு ஒப்பிட்டுத் தம் காசை அடையாளங்காணலாம். இந்தப் பணியில் அதற்குக் குறை சொல்ல இடமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பட்டியல் நூல் காசின் பிறப்பை மட்டுமே கூறும். வாழ்வையும் இறப்பையும் கூறாது. எங்கே, எந்த ஆட்சியில் வார்த்தது என்பது பிறப்பு. எத்தனை கை மாறியது, எந்நாட்டில் செலாவணியாயிற்று என்பது வாழ்வு. எப்போது, எந்த மண்ணில் புதைந்தது என்பது இறப்பு. மூன்றும் மூன்று காலங்கள். விலையும் அருமையுமே அளவுகோலாகிவிட்ட இடத்தில் பின்னிரண்டுக்கும் இடமில்லை. இது நூலாசிரியரின் குற்றமன்று. அவர் எடுத்துக்கொண்ட பணி அத்துணையே. பட்டியலில் பெயரைக் கண்டவுடன் வரலாற்றைக் கண்டுவிட்டதாக எண்ணும் வாசகரின் குற்றமே அது.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்குப் பாலித் தீவே சான்று. அங்கே 'பீஸ் போலோங்' எனப்படும் சீனத் துளைக் காசுகள் இருபதாம் நூற்றாண்டிலும் செலாவணியாயிருந்தன; இன்றும் இந்துச் சடங்குகளில் இடம்பெறுகின்றன. சோங் காலத்துக் காசும் சிங் காலத்துக் காசும் ஒரே சரத்தில் கோக்கப்பட்டுப் புழங்கின. பிறந்து எண்ணூறு ஆண்டு கடந்த காசு ஒன்று அங்கே நூறாண்டுக்கு முன்பு கை தவறி விழுந்திருக்கலாம். கெடாவில் மட்டும் காசு பிறந்த நாளிலேயே விழுந்திருக்க வேண்டும் என்பதற்கு நியாயமில்லை.

கூலிம் மண்ணும் பூஜாங் மண்ணும்

கூலிம் வட்டாரத் தோட்டமொன்றில் பழைய லயத்தின் அருகே ஒரு சியான்லோங் காசு கிடைக்கிறது என்று கொள்க. அதன் பிறப்பு பதினெட்டாம் நூற்றாண்டு. ஆனால் கூலிம் பகுதியில் சீனத் தொழிலாளர் திரளாக வந்து ஈயம் தோண்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பழைய சியான்லோங் காசுகள் அப்போதும் சீனாவில் கையிலிருந்தவையே. வந்தவர் மடியில் அவையும் வந்தன. இங்கே அவற்றுக்கு வேறு பயன்களும் இருந்தன. கிண்ணத்தால் மூடிய காசுகளை நான்கு நான்காக எண்ணி எஞ்சியதற்குப் பந்தயங்கட்டும் ஃபான் தான் சூதாட்டத்துக்குத் துளைக் காசுகளே எண்ணுகாய். சிறுவர் காலால் தட்டி விளையாடும் சாப்தேயின் மூதாதையான சீன இறகுப்பந்துக்கும் அடிப்பாகம் துளைக் காசே. தாயத்தாகவும், குறி கேட்கும் கருவியாகவும் அது பயன்பட்டது. ஆகவே அந்தக் காசு சோழனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆனால் ஈயச் சுரங்கத்துக் கூலியின் இரவுப்பொழுதைப் பற்றிச் சொல்லக்கூடும். அதுவும் வரலாறுதான். தமிழ்த் தொழிலாளி வந்து இரப்பர் மரம் சீவுவதற்கு முன்பு அதே மண்ணில் வேர்வை சிந்தியவன் வரலாறு அது.

பூஜாங் பள்ளத்தாக்கின் நிலை வேறு. அங்கே 1930களில் குவாரிச் வேல்ஸ் ஆராய்ந்த கோயில் அடித்தளங்களும், பெங்காலான் பூஜாங்கில் கிடைத்த சோங், யுவான் காலத்துச் சீனப் பீங்கான் துண்டுகளும் பழைய வணிகத்துக்கு உறுதியான சான்றுகள். அங்கே அகழ்ந்த மண்படையில், பீங்கானோடு சேர்ந்து ஒரு சோங் காசு கிடைக்குமானால் அதன் மதிப்பு தனி. காசு பீங்கானுக்கும், பீங்கான் காசுக்கும், மண்படை இரண்டுக்கும் சாட்சி சொல்லும். அதே காசு பட்டணத்துக் கடையில், ஊர்ப்பெயரின்றிக் கிடைத்தால் ஊமையாகிவிடும்.

இவ்வுண்மையைத் தமிழ்நாடும் இலங்கையும் முன்னரே காட்டியுள்ளன. பழைய தஞ்சை மாவட்டத்தின் மன்னார்குடி வட்டத்துத் தளிக்கோட்டையில் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட சீனக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பட்டுக்கோட்டை வட்டத்திலும் புதையல்கள் கிடைத்தன. இலங்கையின் யாப்பகூவாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோங் காசுகள் கிடைத்தன. அவ்வூர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சில ஆண்டுகளே தலைநகராயிருந்தது. இடமும் கூட்டமும் தெரிந்தமையால் இக்காசுகள் பேசுகின்றன. புதையலில் மிகப் பிந்திய காசு எதுவோ, அதற்கு முன்பு அப்புதையல் புதைக்கப்பட்டிருக்க இயலாது என்பது நாணயவியலின் அடிப்படை விதி. பல காசுகள் சேர்ந்திருந்தால்தான் அவ்விதி நன்கு பயன்படும். ஒற்றைக் காசுக்கு அந்த வலிமை இல்லை.

நூற்சான்றும் இவ்வாறே எல்லையறிந்து ஆளத்தக்கது. 1077-இல் சென்ற சோழத் தூதர் எழுபத்திருவருக்குக் கைம்மாறாக 81,800 சரம் செப்புக் காசு அளிக்கப்பட்டதாகச் சீன வரலாற்று நூல் கூறுகிறது. சரம் என்பது பெயரளவில் ஆயிரம் காசு. காசு வெளிநாடு செல்வதற்கிருந்த தடை 1074-இல் நீக்கப்பட்டிருந்த காலம் அது. சீனச் செம்பு தமிழகம் வந்ததற்கு இது நல்ல பின்னணி. ஆனால் கெடாவில் ஒருவர் கையிலுள்ள ஒரு காசு அந்தச் சரத்திலிருந்து உதிர்ந்தது என்பதற்கு இது சான்றாகாது. 'நிகழ்ந்திருக்கலாம்' என்பதற்கும் 'நிகழ்ந்தது' என்பதற்கும் இடையே உள்ள தொலைவை மறவாதிருப்பதே ஆராய்ச்சி.

ஆசிரியர் செய்யத்தக்கது

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். சான்று நாளும் அழிந்துவருகிறது என்பதே விடை. கெடாத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன; இரப்பர் சாய்ந்து செம்பனை வந்தது; செம்பனை சாய்ந்து வீடமைப்பு வந்தது. 2009 முதல் பேரளவில் அகழ்ந்து இரும்புருக்குச் சாலைகளை வெளிக்கொணர்ந்த சுங்கை பத்து, செம்பனைத் தோட்டத்து நிலமே. அதே வட்டாரத்தில் பதினொன்றாம் எண் இட்ட பழைய சண்டியின் எச்சம் வீடமைப்புக்கு நிலம் திருத்தியபோது இடிக்கப்பட்டது 2013-இல் வெளியாகிப் பெருங்கவலையை எழுப்பிற்று. கோயில் அடித்தளமே தப்பாத இடத்தில் விரலகலக் காசு தப்புமா? தோட்டம் கலையும்போது அந்நிலத்தின் ஒவ்வொரு வாய்க்காலையும் அறிந்த தமிழரும் இடம்பெயர்கின்றனர். அவர்களோடு 'இது இன்ன இடத்தில் கிடைத்தது' என்ற நினைவும் போய்விடுகிறது.

ஆகவே மாணவன் ஒருவன் காசு கொண்டுவந்தால் ஆசிரியர் முதலிற் கேட்க வேண்டியது 'இதன் விலை என்ன' என்பதன்று. 'எங்கே எடுத்தாய்' என்பதே. தோட்டத்தின் பெயர், இடம், ஆழம், உடன் கிடைத்த ஓடு, நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் காசோடு வைக்க வேண்டும். விளக்கக் கூடாது. இருபுறமும் படம் எடுத்து, குறுக்களவும் எடையும் குறிக்க வேண்டும். அதன்பின் பட்டியல் நூலைத் திறக்கலாம். பழமையான பொருள் எனத் தோன்றினால் அதனை அதிகாரிகளுக்கு அறிவிப்பது 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுரிமைச் சட்டம் விதிக்கும் கடமை. மெர்போக்கில் உள்ள தொல்பொருட் காட்சிச்சாலை அருகிலேயே இருக்கிறது. காசைத் தேடி மண்ணைத் தோண்டுவது ஆராய்ச்சியாகாது. அது சான்றை அழிப்பதாகும்.

கடாரத்துக்கும் தமிழகத்துக்கும் இருந்த தொடர்பு கல்வெட்டாலும் செப்பேட்டாலும் நிலைபெற்றது. அதற்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை. ஒரு பொய்ச்சாட்சி அகப்பட்டால் மெய்ச்சாட்சிகளும் ஐயத்துக்கு உள்ளாகும். பட்டியலில் மிகக் குறைந்த விலையிட்ட சியான்லோங் காசும், கிடைத்த இடம் எழுதப்பட்டிருந்தால் வரலாற்றுக்குச் செல்வம். அருமையினும் அருமையான காசும், இடம் அறியப்படாவிட்டால் பேழையில் கிடக்கும் உலோகமே. இதனை உணர்ந்த ஒருவர் ஒவ்வொரு தோட்டத்துப் பள்ளியிலும் இருப்பாராயின் கெடா மண் இன்னும் எவ்வளவோ பேசும்.